வெளிநாட்டு மெகா ப்ராஜெக்டுக்கு கன்சார்டியமா டெண்டர் போடுறது எப்படி: முதல் நாள்ல இருந்து கையெழுத்து வரைக்கும்

நாலஞ்சு நாட்டு கம்பெனிங்க ஒண்ணா சேர்ந்து ஒரு கால்வாய்க்கோ மெட்ரோவுக்கோ டெண்டர் போட்டாங்கன்னு நியூஸ் வரும்போது நம்ம கண்ணுக்கு படுறது கடைசி நாள் மட்டும்தான், கவர் பிரிச்சாங்க, யாரோ ஜெயிச்சாங்க, கை குலுக்கினாங்க, அவ்ளோதான். அதுக்கு முன்னாடி ரெண்டு மூணு வருஷம் ஓடியிருக்கும். நான் எஸ்டிமேஷன் டீம்ல உட்கார்ந்து பல டெண்டர் பாத்திருக்கேன், ஜெயிச்சதும் உண்டு தோத்ததும் உண்டு. நான் பாத்த வரைக்கும் டெண்டர் கெட்டுப்போனது பெரும்பாலும் கணக்கு தப்பினதால இல்ல, கூட்டாளிங்க முகத்தை முறிச்சுக்க வேண்டாமேன்னு பேசாம விட்ட விஷயங்களாலதான். அதனால இதுல அந்தப் பக்கத்துக்கு அதிக இடம் குடுத்திருக்கேன், ஃபார்ம் நிரப்புற வேலையை எல்லாம் வேகமா தாண்டிடுவேன்.

எதுக்கெடுத்தாலும் உதாரணத்துக்கு பனாமா கால்வாய்க்கு வருவேன். 2009ல மூணாவது லாக் செட்டுக்கு (லாக்னா கப்பலை தண்ணி மட்டத்தோட ஏத்தி இறக்குற கதவு போட்ட தொட்டி) நடந்த போட்டி அது. ஒரு கன்சார்டியம் என்னென்ன சந்திக்குமோ அத்தனையும் அந்த ஒரு ப்ராஜெக்ட்ல இருக்கு, எண்கள் எல்லாமும் வெளியில இருக்கு.

படி 1: போடலாமா வேண்டாமா

இதை பத்து நிமிஷ மீட்டிங்ல முடிச்சிடாதீங்க. முதல் கேள்வி, பணம் எங்கிருந்து வருது. ஓனரோட சொந்தக் காசா, உலக வங்கி மாதிரி டெவலப்மென்ட் பேங்க் கடனா, இல்ல ஏதோ ஒரு நாடு தன் ஏற்றுமதியை வளர்க்க குடுக்குற எக்ஸ்போர்ட் கிரெடிட் கடனா? கடைசி வகையா இருந்தா கடன் குடுக்குற நாட்டுக் கம்பெனிக்குத்தான் வேலை போகும்னு கண்டிஷன் இருக்கலாம். அது தெரியாம இறங்கினா நீங்க விலை எழுதுறது வேற யாரோ ஜெயிக்கிறதுக்கு துணைக்கு நின்ன மாதிரி ஆயிடும்.

ரெண்டாவது, மார்க் எப்படி போடப் போறாங்க. எல்லா ஊர்லயும் குறைஞ்ச விலைதான் ஜெயிக்கும்னு நினைக்காதீங்க. பனாமாவுல டெக்னிக்கலுக்கு 55, விலைக்கு 45னு வெயிட்டேஜ் வெச்சாங்க. துருக்கியில 1915 சனாக்கலே பாலத்துக்கு 2017ல நடந்த ஏலத்துல ரேட்டே கேக்கல, கட்டுற காலத்தையும் சேர்த்து எத்தனை வருஷம் நடத்திட்டு திருப்பிக் குடுப்பேன்னு கேட்டாங்க. 16 வருஷம் 2 மாசம் 12 நாள்னு எழுதின துருக்கி கொரியா கூட்டணிதான் எடுத்துச்சு, எதிர்ல ஜப்பான் கம்பெனிங்க இருந்த கூட்டணி அதைவிட அதிக காலம் கேட்டிருந்தது. அப்படிப்பட்ட டெண்டர்ல ஜெயிக்கணும்னா சிமென்ட் ரேட் தெரிஞ்சவரைவிட டிராஃபிக் கணிக்கத் தெரிஞ்சவரும் வட்டி குறைச்சு வாங்கத் தெரிஞ்சவரும்தான் முக்கியம். உங்க டீம்ல அவங்க இருக்காங்களான்னு இங்கயே பாத்துடணும்.

மூணாவது, ஓனர் வேலையை எப்படி பிரிக்கிறார். ரியாத் மெட்ரோவுல 6 லைன், 176 கிலோமீட்டர், 2013ல மொத்தம் 2,250 கோடி டாலர்கிட்ட. அதை ஒரே ஆளுக்கு குடுக்காம மூணு பேக்கேஜா பிரிச்சு பெக்டல் தலைமையில ஒண்ணு, ஸ்பெயின் எஃப்சிசி தலைமையில ஒண்ணு, நம்ம எல் அண்ட் டி உள்ள இருந்த இத்தாலி கூட்டணி ஒண்ணுன்னு மூணு கன்சார்டியத்துக்கு குடுத்தாங்க. பேக்கேஜ் பிரிச்சிருந்தா எதுக்கு முழு பலத்தையும் போடணும், எதை விடணும்னு இப்பவே முடிவெடுங்க.

டெண்டர் போடுற செலவு தனிக் கதை. டிசைனும் நாமளே பண்ணி கட்டுற டிசைன் அண்ட் பில்ட் வேலைன்னா பாதி டிசைனை நம்ம காசுலயே முடிக்கணும், தோத்தா அந்தப் பணம் போனதுதான். சில ஓனருங்க தோத்தவங்களுக்கும் ஒரு தொகை குடுப்பாங்க, அது உண்டான்னு கேட்டு வெச்சுக்கோங்க.

படி 2: கூட்டாளியை தேடுறது

கூட்டு சேர்றதுக்கு உண்மையான காரணம் மூணுதான். ப்ரீகுவாலிஃபிகேஷன்ல, அதாவது விலை போடுறதுக்கு முன்னாடி நடக்குற தகுதிச் சோதனையில, கேக்குற அனுபவம் நம்மகிட்ட இல்ல, இல்ல பேங்க் கேரண்டி குடுக்குற அளவுக்கு நம்ம பேலன்ஸ் ஷீட் பத்தாது, இல்ல அந்த நாட்டுல பர்மிட், லேபர், கஸ்டம்ஸ் எப்படி ஓடுதுன்னு நமக்கு தெரியாது. ஒவ்வொரு கூட்டாளியும் இந்த மூணுல எதைக் கொண்டு வர்றார்னு ஒரு வரியில எழுத முடியணும். முடியலன்னா அவர் எதுக்கு வர்றார்னு யோசிங்க. பேருக்காக சேர்க்குற கூட்டாளி மீட்டிங்ல வீட்டோ மட்டும்தான் போடுவார்.

யார் தலைமைங்குறதை முதல் நாளே முடிச்சுடணும். இதுக்கு அபுதாபி பராக்கா அணு மின் நிலையத்தை விட நல்ல பாடம் கிடையாது. 2009 டிசம்பர்ல சுமார் 2,040 கோடி டாலர் வேலை, நாலு ரியாக்டர். பிரான்ஸ் பக்கம் அரேவா, ஜிடிஎஃப் சூயஸ், டோட்டல்னு பெரிய பேருங்க. ஆனா உலகத்துலயே அதிகமா அணு உலை ஓட்டிட்டிருந்த இடிஎஃப் அந்தக் கூட்டணிக்குள்ள ரொம்ப லேட்டாத்தான் வந்துச்சு, யார் முன்னாடி நிக்கிறதுன்னு அவங்களுக்குள்ளயே இழுபறி. கொரியா பக்கம் கெப்கோ தலைமை, கீழ ஹூண்டாய், சாம்சங், டூசான், எல்லாரும் ஏற்கனவே தங்களோட நாட்டுல சேர்ந்து உலை கட்டினவங்க, வாங்குறவருக்கு பேச ஒரே ஒரு முகம். வேலை கொரியாவுக்கு போச்சு. விலையும் குறைவா இருந்ததுதான், ஆனா தோத்த பிறகு பிரான்ஸ்ல நடந்த விவாதம் முழுக்க நம்ம டீம் ஏன் ஒண்ணா நிக்கலங்குறதுதான்.

இன்னொண்ணு, கூட்டாளியோட கை சுத்தமான்னு பாக்குறது. இதை சம்பிரதாயத்துக்கு செய்யாதீங்க. நைஜீரியா போனி தீவு எல்என்ஜி (திரவமாக்கின இயற்கை எரிவாயு) பிளான்ட்டுக்காக நாலு நாட்டு கம்பெனிங்க சேர்ந்த டிஎஸ்கேஜேன்னு ஒரு கூட்டணி இருந்துச்சு. ஏஜென்ட் மூலமா லஞ்சம் போன விஷயம் வெளியில வந்து 2009ல அமெரிக்க கம்பெனி கேபிஆர் பக்கம் மட்டும் 57.9 கோடி டாலர் கட்டுச்சு, அப்புறம் டெக்னிப், ஸ்னாம்ப்ரொஜெட்டி, ஜேஜிசின்னு நாலு பேருமே அமெரிக்காவுல கட்டினாங்க, மொத்தம் 150 கோடி டாலருக்கு மேல. கூட்டணியில யாருமே நான் கவனிக்கலன்னு தப்பிக்க முடியல. அதனால லோக்கல் ஏஜென்ட் யார், என்ன வேலைக்கு எவ்ளோ கமிஷன், எந்த நாட்டு அக்கவுண்டுக்கு பணம் போகுதுன்னு எல்லா கூட்டாளிக்கும் தெரியணும். வேலை நடக்குற நாட்டுல அக்கவுண்ட் இல்லாம மூணாவது நாட்டுல பணம் கேக்குற ஏஜென்ட்டை அன்னிக்கே விட்டுடுங்க. டெவலப்மென்ட் பேங்க் பணம்னா இன்னும் கவனம், 2010ல அஞ்சு பேங்க் சேர்ந்து போட்ட ஒப்பந்தப்படி ஒரு பேங்க் ஒரு வருஷத்துக்கு மேல டிபார் பண்ணினா, அதாவது டெண்டர் போடவே தடை போட்டா, மத்த நாலும் பண்ணலாம். ஒரு கூட்டாளி அந்த லிஸ்ட்ல இருந்தா முழு கன்சார்டியமும் வெளிய.

படி 3: உள் ஒப்பந்தம், இங்கதான் நேரம் செலவழிக்கணும்

ப்ரீ பிட் அக்ரிமென்ட்டுன்னு ரெண்டு பக்கத்துல ஒரு பேப்பர்ல கையெழுத்து போட்டுட்டு ஜெயிச்ச பிறகு மத்ததை பேசிக்கலாம்னு சொல்லுவாங்க. தயவு செஞ்சு ஒத்துக்காதீங்க. ஜெயிச்ச பிறகு எல்லாருக்கும் அவசரம், எல்லாரும் கையெழுத்து போடுற மூடுல இருப்பாங்க, யாரும் கஷ்டமான கேள்வி கேக்க மாட்டாங்க.

முதல்ல புரிஞ்சுக்க வேண்டியது ஜாயின்ட் அண்ட் செவரல் பொறுப்பு. ஓனர் பார்வையில கன்சார்டியம் ஒரே ஆள். உங்க பங்கு 20 சதவீதம்னாலும் மத்தவங்க காணாம போனா 100 சதவீதமும் உங்க தலையிலதான். இது பேப்பர்ல மட்டும் இருக்குற பயம் கிடையாது. 2018 ஜனவரியில பிரிட்டன்ல கரில்லியன் திவாலாச்சு, ஸ்காட்லாந்துல ஆபர்டீன் சுத்துச்சாலையை அது பால்ஃபோர் பீட்டியோடயும் காலிஃபோர்ட் ட்ரையோடயும் சேர்ந்து கட்டிட்டிருந்தது, ரோடை முடிக்கிற செலவுல கரில்லியன் பங்கும் மீதி ரெண்டு பேர் மேல வந்து விழுந்துச்சு. அவங்க தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா கையெழுத்து அவங்களோடது. அதனால கூட்டாளியோட மூணு வருஷ ஆடிட் ரிப்போர்ட்டை உங்க ஃபைனான்ஸ் ஆள் உட்கார்ந்து படிக்கணும், தாய்க் கம்பெனி கேரண்டி கேக்கணும், அவர் விழுந்தா அவர் பங்கை எந்த விலைக்கு யார் எடுத்துக்குறதுன்னு எழுதியிருக்கணும்.

அடுத்தது வேலையை எப்படி பிரிக்கிறதுன்னு. ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, எல்லாரும் ஒரே பாக்கெட், ஒரே டீம், லாப நஷ்டத்தை சதவீதப்படி பங்கு போடுறது. இன்னொண்ணு, நீ டனல், நான் ட்ராக், அவர் சிக்னல்னு ஆளுக்கு ஒரு துண்டு, அவங்கவங்க துண்டோட லாப நஷ்டம் அவங்கவங்களுக்கு. ரெண்டாவது கேக்க சுலபமா இருக்கும், பிரச்சனை எல்லாம் துண்டும் துண்டும் சந்திக்கிற இடத்துல வரும். டனல் ரெண்டு மாசம் லேட்டாச்சு, ட்ராக் டீம் மெஷினோட சும்மா உட்கார்ந்திருக்கு, அந்தக் காசு யார் தருவா? மெக்கா மதீனா ஹரமைன் ரயில்ல 2011ல ஜெயிச்ச ஸ்பெயின் சவூதி கன்சார்டியத்துக்கு ட்ராக்கும் ரயிலும்தான் வேலை, மண் வேலை ஏற்கனவே வேற கான்ட்ராக்டர்கிட்ட இருந்துச்சு. அந்த தளம் கைக்கு வர்ற வரைக்கும் இவங்க காத்திருக்க வேண்டியதாச்சு, அதுக்கு மேல பாலைவன மணலை அள்ளுற செலவு யாரோடதுன்னு தனித் தகராறு. அங்க எதிர்ல இன்னொரு கான்ட்ராக்டர் இருந்தார், உங்க கன்சார்டியத்துல அது உங்க பக்கத்து சேர்ல இருக்குற கூட்டாளியா இருப்பார். அதனால ஒவ்வொரு சந்திப்புக்கும் யார் எந்த தேதியில எதை ஒப்படைக்கணும், லேட்டானா ஒரு நாளைக்கு உள்ளுக்குள்ள என்ன தண்டம்னு ஒரு டேபிள் போடுங்க. போர் அடிக்கிற வேலைதான், ஆனா பின்னாடி வக்கீலுக்கு போற பணத்தை அந்த டேபிள்தான் மிச்சம் பிடிக்கும்.

இது போக கட்டாயம் எழுத வேண்டியது சிலது இருக்கு. டெண்டர் செலவை எப்படி பங்கு போடுறது, நடுவுல ஒருத்தர் விலகினா என்ன, இங்க இருந்து போய் எதிர் கூட்டணியில சேரக்கூடாதுங்குற கட்டு, பணம் பத்தாதப்ப கூட்டாளிங்களை இன்னும் பணம் போடச் சொல்ற கேஷ் கால் வந்தா எத்தனை நாள்ல போடணும், போடலன்னா அவர் பங்கு எவ்ளோ சுருங்கும், முடிவுல சமமா நின்னா யார் பேச்சு செல்லும். எல்லாத்தையும் விட முக்கியம், கடைசி விலையை யார் முடிவு பண்றது. ஏகமனதா முடிவு பண்ணணும்னு எழுதினா ஒருத்தர் இழுத்தாலும் டெண்டர் நின்னுடும், மெஜாரிட்டின்னு எழுதினா நீங்க நஷ்டம்னு நினைக்கிற விலைக்கு நீங்களே கட்டுப்படணும். என் கருத்து, ஏகமனதும் வேணும், கூடவே சம்மதிக்காதவர் இந்தத் தேதிக்குள்ள தண்டம் இல்லாம விலகலாம்னு ஒரு கதவும் வேணும், அந்தத் தேதி ப்ரீகுவாலிஃபிகேஷனுக்கு முன்னாடி இருக்கணும். அதுக்கப்புறம் ஆளை மாத்தணும்னா ஓனர் சம்மதம் வேணும், பெரும்பாலும் கிடைக்காது.

படி 4: ப்ரீகுவாலிஃபிகேஷன்

சீக்கிரம் சொல்லி முடிச்சிடுறேன். டர்ன் ஓவர், இதே மாதிரி முடிச்ச வேலை, கையில இருக்குற ரொக்கம், நிலுவை கேஸ், இதுதான் கேப்பாங்க. கவனிக்க வேண்டியது, சில கண்டிஷனை எல்லாரும் சேர்ந்து பூர்த்தி பண்ணினா போதும், சிலதை ஒவ்வொருத்தரும் தனியா பூர்த்தி பண்ணணும், லீட் பார்ட்னருக்கு அதை விட அதிகமா கேப்பாங்க. அந்த கண்டிஷனை தப்பா படிச்சுட்டு சின்ன கூட்டாளி ஒருத்தரால மொத்தமும் ஃபெயில் ஆன டீமை நேர்ல பாத்திருக்கேன், பாவம் ஆறு மாச வேலை.

படி 5: டெண்டர் டாக்குமென்ட்டை படிக்கிறது

வெளிநாட்டு வேலைன்னா பெரும்பாலும் ஃபிடிக்னு சர்வதேச இன்ஜினியர் கூட்டமைப்பு போடுற மாதிரி ஒப்பந்தம்தான் அடிப்படை, ஒவ்வொரு வகைக்கும் ஒரு கலர் புக். கலரை வெச்சே பாதி புரிஞ்சுடும். சிவப்பு புக்னா டிசைன் ஓனரோடது, அளந்து காசு. மஞ்சள்னா டிசைன் நம்மோடது. சில்வர்னா டர்ன்கீ, டிசைன்ல இருந்து ஓட்டிக் காட்டுற வரைக்கும் முழுசும் நம்ம வேலை, பூமிக்கு அடியில என்ன வந்தாலும் கிட்டத்தட்ட நம்ம ரிஸ்க்தான். ஆனா ஸ்டாண்டர்ட் புக்கை படிச்சுட்டு நிறுத்தாதீங்க, பின்னாடி பர்ட்டிகுலர் கண்டிஷன்ஸ்னு ஒரு பகுதி இருக்கும், ஓனரோட வக்கீல் உக்கார்ந்து செதுக்கினது, மஞ்சள்னு அட்டை போட்டுட்டு உள்ள சில்வர் ரிஸ்க் வெச்சிருப்பாங்க. கூடுதல் பணமோ நேரமோ கேக்குற கிளைம் நோட்டீஸை எத்தனை நாளுக்குள்ள குடுக்கணும்னு பாருங்க, ஃபிடிக்ல 28 நாள், தாண்டினா உரிமை போச்சு. தாமதத்துக்கு பிடிக்கிற தண்டத்துக்கு (எல்டி) உச்ச வரம்பு இருக்கா, தகராறு எந்த ஊர்ல எந்த மொழியில நடக்கும், வெளிநாட்டு ஆர்பிட்ரேஷன் (மத்தியஸ்தம்) தீர்ப்பை ஏத்துக்கிற 1958 நியூயார்க் கன்வென்ஷன்ல அந்த நாடு இருக்கா, இதெல்லாம் விலைக்குள்ள வர வேண்டிய விஷயம்.

சைட்டுக்கு போறப்ப எஸ்டிமேட்டரையும் ஜியாலஜிஸ்ட்டையும் கூட்டிட்டு போங்க, டைரக்டருங்க மட்டும் போனா ஃபோட்டோதான் மிச்சம். பனாமாவுல பின்னாடி வெடிச்ச பெரிய சண்டைகள்ல ஒண்ணு அங்க தோண்டுன பசால்ட்ங்குற எரிமலைக் கல்லு ஓனர் கேட்ட தரத்துல கான்க்ரீட் போட தோதா இருந்ததா இல்லையாங்குறதுதான். கல்லை உடைச்சு, கலவை போட்டு, டெஸ்ட் பண்ணி பாக்குற செலவு டெண்டர் டைம்ல பெரிசா தெரியும், பண்ணிடுங்க. சந்தேகத்தை எழுத்துல கேளுங்க, ஆனா பதில் எல்லா போட்டியாளருக்கும் போகும், உங்க கேள்வியை வெச்சே நீங்க என்ன முறையில கட்டப் போறீங்கன்னு கண்டுபிடிச்சிடுவாங்க, அதனால வார்த்தையை யோசிச்சு எழுதுங்க.

படி 6: விலை

ஒவ்வொரு கூட்டாளியும் தன் பகுதியை தனியா எஸ்டிமேட் பண்ணிட்டு வருவார், உள்ள கொஞ்சம் கொழுப்பு ஒளிச்சு வெச்சிருப்பார், எல்லாரும் அதையே செஞ்சா மொத்த விலை போட்டியில நிக்காது. இதுக்கு நல்ல வழி, பெரிய ஐட்டங்களுக்கு ரெண்டு கூட்டாளி ஒருத்தருக்கொருத்தர் தெரியாம எஸ்டிமேட் போட்டு ஒரே நாள்ல மேஜையில வெச்சு வித்தியாசத்தை பேசுறது. வித்தியாசம் இருக்குற இடத்துலதான் ரிஸ்க் ஒளிஞ்சிருக்கும்.

நேரடிச் செலவு, சைட் ஓவர்ஹெட், டேக்ஸ், வட்டி, கேரண்டி கமிஷன், ரிஸ்க்குக்கு ஒதுக்குறது, லாபம், இதெல்லாம் தனித்தனி வரியா இருக்கணும், ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலக்கக்கூடாது. கடைசி ராத்திரி மேலிடத்துல இருந்து போன் வரும், இன்னும் அஞ்சு சதவீதம் குறைங்கன்னு. வரி தனியா இருந்தா எதை வெட்டுறோம்னு தெரியும், லாபத்தை வெட்டுறது உங்க இஷ்டம், ரிஸ்க் பணத்தை வெட்டினா ரிஸ்க் குறையாது, பணம்தான் குறையும். கரன்சியையும் பாருங்க, சம்பளம் ஒரு நாணயம், மெஷின் ஒரு நாணயம், ஓனர் தர்றது மூணாவது நாணயம்னா, அஞ்சு வருஷத்துல அந்த ரேட் எங்க போகும்னு யாராலயும் சொல்ல முடியாது, செலவு ஆகுற நாணயத்துலயே அந்தந்த பங்கை கேக்க டெண்டர் அனுமதிக்குதான்னு பாருங்க. விலை ஏத்தம் ஃபார்முலா இல்லாத நாலு வருஷ வேலையில ஸ்டீல் ரேட்டை இன்னிக்கு விலைக்கு எழுதுறது சூதாட்டம்.

இப்ப பனாமா. 2009 ஜூலை 8ல விலை கவர் பிரிச்சாங்க. ஓனர் தன் பக்கம் ஒதுக்கி வெச்சிருந்த தொகை சுமார் 348 கோடி டாலர். ஸ்பெயின் சாசிர், இத்தாலி இம்ப்ரெஜிலோ, பெல்ஜியம் யான் டி நுல், பனாமா குசா சேர்ந்த கூட்டணி எழுதினது சுமார் 312 கோடி. பெக்டல், தாய்செய், மிட்சுபிஷி கூட்டணி சுமார் 419 கோடி. இன்னொரு ஸ்பெயின் தலைமை கூட்டணி சுமார் 598 கோடி. சாசிர் கூட்டணிக்கு டெக்னிக்கல்லயும் முதல் மார்க், விலையிலயும் முதல் இடம், ஒரு குறையும் சொல்ல முடியாத வெற்றி. ஆனா ரெண்டாவது ஆளுக்கும் நமக்கும் நடுவுல 100 கோடி டாலர் இடைவெளி இருந்தா, ஜெயிச்ச அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வராது. 2013 முடிவுல அந்தக் கூட்டணி இன்னும் 160 கோடி டாலர் வேணும்னு நின்னுச்சு, 2014 பிப்ரவரியில வேலை நின்னு ரெண்டு வாரம் கழிச்சு தொடர்ந்துச்சு, 2014 அக்டோபர்ல முடியவேண்டியது 2016 ஜூன் 26லதான் திறந்தாங்க. அதுக்கு மேல வருஷக்கணக்குல ஆர்பிட்ரேஷன். கால்வாய் நல்லா ஓடுது, கட்டினவங்க வேலையில எனக்கு மரியாதை உண்டு. ஆனா விலை எழுதுற மேஜையில உக்காரும்போதெல்லாம் அந்த மூணு எண்ணையும் ஒரு பேப்பர்ல எழுதி முன்னாடி வெச்சுக்குவேன்.

ஒரு பழக்கம் சொல்றேன், விலையை முடிவு பண்ணின பிறகு ஒவ்வொரு கூட்டாளியையும் தனித்தனியா ஒரு பேப்பர்ல, இந்த விலைக்கு ஜெயிச்சா நாம எங்க அடி வாங்குவோம்னு மூணு வரி எழுதச் சொல்லுங்க. அதைச் சேர்த்து படிச்சா, எல்லாரும் ஒரே விஷயத்தை எழுதியிருந்தா அதுக்கு இன்னும் பணம் ஒதுக்கல்லன்னு அர்த்தம்.

படி 7: கேரண்டியும் சப்மிஷனும்

பிட் செக்யூரிட்டி, அதாவது நாம பின்வாங்கினா ஓனர் எடுத்துக்குற கேரண்டி, பெரும்பாலும் விலையில 1ல இருந்து 3 சதவீதம் வரைக்கும், ஜெயிச்சா வேலையை ஒழுங்கா முடிப்போம்ங்குறதுக்கு பெர்ஃபார்மென்ஸ் கேரண்டி 5ல இருந்து 10, அட்வான்ஸ் வாங்கினா அதுக்கு சமமா இன்னொரு கேரண்டி. ஆன் டிமாண்ட் வகைன்னா ஓனர் கேட்ட உடனே பேங்க் குடுத்துடும், நம்ம நியாயத்தை அப்புறம்தான் பேச முடியும். கேரண்டியோட பேர்ல எல்லா கூட்டாளி பேரும் டெண்டர்ல உள்ளபடியே இருக்கணும், செல்லுபடி தேதி ஒரு நாள் குறைஞ்சாலும் தள்ளிடுவாங்க. பவர் ஆஃப் அட்டர்னியை அந்தந்த நாட்டு நோட்டரி, தூதரகம்னு அத்தாட்சி வாங்க வாரக்கணக்குல ஆகும், விலை வேலை தொடங்குற அன்னிக்கே இதுக்கு ஒரு ஆளை விட்டுடுங்க. சப்மிஷனுக்கு முந்தின நாளே பெட்டி அந்த ஊர்ல இருக்கணும், ஃபைல் போர்ட்டல்ல ஏத்துறதுன்னா கடைசி மணி நேரத்துல போர்ட்டல் திணறும்.

படி 8: கவர் பிரிச்ச பிறகு

விலை மத்தவங்களை விட ரொம்ப கீழ இருந்தா ஓனர் விளக்கம் கேப்பார், உங்க எஸ்டிமேட் தாங்குமான்னு பாக்க அதுவே கடைசி வாய்ப்பு, உள்ள தப்பு இருக்குன்னு தெரிஞ்சா மறைக்காம வக்கீலோட உட்காருங்க. பிட் செக்யூரிட்டி போறது வலிக்கும், ஆனா அது 2 சதவீதம், தப்பான விலைக்கு அஞ்சு வருஷம் கட்டுறதுக்கு வரம்பே கிடையாது.

உலக வங்கி பணத்துல நடக்குற பெரிய டெண்டர்னா, குடுக்கப் போறோம்னு அறிவிச்ச பிறகு பொதுவா 10 வேலை நாள் ஸ்டாண்ட்ஸ்டில், அதாவது கையெழுத்து போடாம காத்திருக்குற காலம், இருக்கும், தோத்தவங்க ஏன் தோத்தோம்னு விளக்கம் கேக்கணும்னா 3 வேலை நாளுக்குள்ள எழுதிக் கேக்கணும். தோத்த சோகத்துல எல்லாரும் ஃப்ளைட் பிடிச்சு கிளம்பி, நாலாவது நாள் ஞாபகம் வந்து கேட்ட டீம்ல நானும் இருந்திருக்கேன். அதனால அந்தக் கடிதத்தை கவர் பிரிக்கிறதுக்கு முன்னாடியே டைப் பண்ணி, தேதி மட்டும் விட்டு வெச்சிடுங்க. ஜெயிச்சிருந்தா அதே நாள்ல படி 3ல எழுதின டேபிளை எடுத்து, ஒப்படைக்கிற தேதி எல்லாத்தையும் உண்மையான தொடக்க தேதிக்கு மாத்தி, எல்லா கூட்டாளிகிட்டயும் திரும்ப இனிஷியல் வாங்கிட்டு, அப்புறம் ஓனரோட கான்ட்ராக்ட்ல கையெழுத்து போடுங்க.